மூக்கில்லாத விண்கலம்

எர்ணாகுளம் பிராட்வேயைப் புதிதாகப் பார்க்க வரும் நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இதற்கா பிராட்வே என்று பெயர்?" என்பதுதான். பெயரைக் கேட்டால் அகன்ற வீதி. நேரில் வந்தால், எதிரெதிரே இரண்டு தள்ளுவண்டி சந்தித்துவிட்டால் போதும், நடுவில் அகப்பட்டவர் ஏதாவது ஒரு ஜவுளிக்கடைப் படியில் ஏறித்தான் ஒதுங்க வேண்டும். ஆனாலும் இந்தத் தெருவுக்கு ஒரு பெருமை உண்டு. கண்ணைக் கட்டி விட்டாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்து சேர்ந்துவிடலாம். கஞ்சி வாடை போகாத புதுத்துணி, அடுத்து ரப்பர்ச் செருப்பும் குடையும், பிறகு வறுத்து அரைக்கும் காப்பிக்கொட்டை, மசாலாக் கடை, கருவாடு. மார்க்கெட் கால்வாய் வந்துவிட்டது என்பதை அறியக் கண் வேண்டியதே இல்லை. கைக்குட்டை இருந்தால் போதும்.

ரயில்வே பார்சல் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இந்த மூக்கு ஞானம் சற்று அதிகம். ரசீதைப் பார்க்கும் முன்பே மல்லிகைக் கூடையா, மீன் பெட்டியா என்று சொல்லிவிடுவோம். இருந்தும் கதை படிக்கும்போது மட்டும் நான் மூக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படித்திருக்கிறேன். அதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கில் வேலை பார்க்கும் நெல்லைச் சீமை அண்ணாச்சி ஒருவர். அவர் கதைப் புத்தகமே படிக்காதவர்.

நாற்பது பக்க நோட்டு

அவருடைய மகன் பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். வயது இருபது. பகலெல்லாம் வேட்டி விரித்து மடித்துக் காட்டிவிட்டு, இரவில் கதை எழுதுகிறவன். 2021-ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒருநாள் கடை மூடியதும் என்னிடம் வந்து ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினான். "பொங்கல் கையெழுத்து மலருக்கு எழுதியிருக்கேன் அண்ணே. விஞ்ஞானக் கதை. நீங்க பேப்பருக்கு எழுதுறவரு, பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

கதை நடப்பது கி.பி. 2222-இல். பிராட்வேயின் மேல் கண்ணாடிக் கூரை. மார்க்கெட்டுக்கு மேலே பறக்கும் கார்கள். ஜனங்கள் சோற்றுக்குப் பதில் மாத்திரை விழுங்குகிறார்கள். கதாநாயகன் செவ்வாய்க் கிரகத்துக் குடியிருப்புக்கு வேலைக்குப் போகிறான், நம் ஆட்கள் துபாய்க்குப் போவதைப் போல. வழியில் விண்கலம் ஒன்று வெடிக்கிறது. செவ்வாயில் சிவந்த அந்திவானம். அங்கே ஊர் நினைவு வந்து அழுகிறான். எனக்குப் பிடித்திருந்தது. வல்லின றகரம் விட்ட இடங்களைத் திருத்தினேன். விண்வெளியில் காற்று இல்லாததால் வெடிச்சத்தம் கேட்காது என்று சொல்லி "டமார்" என்ற சொல்லை அடித்தேன். செவ்வாயில் பகல் வானம்தான் செம்மண் நிறம். சூரியன் மறையும் இடத்தைச் சுற்றி நீலம் படரும், அங்கே போன எந்திர வண்டிகள் படம் பிடித்து அனுப்பியிருக்கின்றன என்று ஓரத்தில் குறித்தேன். மற்றபடி பலே என்று முதுகில் தட்டினேன்.

"அப்பாவுக்கும் ஒருதடவை படிச்சுக் காட்டணும். கூட வாங்களேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமை படகேறிக் கோட்டைக் கொச்சியில் இறங்கி, பஜார் ரோடு வழியாக மட்டாஞ்சேரிக்கு நடந்தோம். அந்த ரோட்டில் கிடங்குகள் பூட்டியிருந்தாலும் மிளகும் சுக்கும் ஏலமும் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து நிற்கும். வெளிநாட்டுப் பயணிகள் அங்கே நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போவதைப் பார்க்கலாம்.

அண்ணாச்சிக்குச் சுக்கில் முப்பது வருஷப் பழக்கம். ஒரு துண்டை எடுப்பார், ஒடிப்பார், மூக்கருகில் கொண்டுபோவார், ஒரு வார்த்தை சொல்வார். புதுச்சரக்கா, போன வருஷத்ததா, மூட்டையில் ஈரம் ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். கொச்சிச் சுக்கு என்று உலகச் சந்தையில் தனிப்பெயர் எடுத்த சரக்குக்கு எலுமிச்சை கலந்தாற்போல ஒரு மணம் உண்டு. அந்த எலுமிச்சை இருக்கிறதா இல்லையா என்பதில்தான் விலை இருக்கிறது.

மகன் கதையை முழுக்கப் படித்தான். அண்ணாச்சி குறுக்கே ஒரு சொல் பேசவில்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "கதை நல்லாத்தாம்ல இருக்கு. ஆனா எனக்கு வந்த சீக்கு உன் கதைக்கும் வந்திருக்கு."

எனக்குப் புரியவில்லை. மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

விஷயம் இதுதான். அந்த வருஷம் மே மாதம் அவருக்குக் கொரோனா வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. நூற்றுக்கணக்கான மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றும் எட்டவில்லை. "உலகமே போட்டோ மாதிரி ஆயிட்டுது தம்பி. எல்லாம் தெரியுது. எதுவும் கிட்ட இல்ல" என்றார். முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். ஒடிக்கும்போது எழும் ஓசையை வைத்தும், விரலில் ஒட்டும் தூளை வைத்தும் தரம் பார்த்து வந்தார். நன்றாகக் காய்ந்த சுக்கு "டக்"கென்று முறியும். ஈரம் ஏறியது இழுக்கும். அதற்கும் மேல் சந்தேகம் வந்தால், சுக்குப் புடைக்கும் ஒரு மலையாளத்துச் சேச்சி கண்ணாலேயே ஆமாம், இல்லை என்று ஜாடை காட்டிவிடுவாராம். ஐந்து மாதம் இப்படி ஓடியிருக்கிறது. அவர் மகனின் கதையைக் கேட்டதும் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நாற்பது பக்கத்திலும் எல்லாமே தெரிந்தது. எதுவும் மணக்கவில்லை. எதுவும் நாக்கில் படவில்லை. எதுவும் தோலைத் தொடவில்லை.

நான்காவதாக வந்த கண்

அன்றிரவு எனக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழய்யா நினைவுக்கு வந்தார். தொல்காப்பியர் உயிர்களை அறிவைக் கொண்டு வரிசைப்படுத்தியதை அவர் கரும்பலகையில் படி படியாக வரைந்து காட்டுவார். முதல் படி தொடு உணர்வு. புல்லுக்கும் மரத்துக்கும் அது உண்டு. இரண்டாம் படி நாக்கு. மூன்றாவது மூக்கு, கறையானும் எறும்பும் அந்தப் படியில். நான்காவதுதான் கண். ஐந்தாவது காது. ஆறாவது மனம். கவனியுங்கள், கண் நான்காவதாகத்தான் வருகிறது. நம் பையனின் கதை நேரே நான்காம் படியில் ஏறி நின்றுகொண்டு, கீழே மூன்று படிகள் இருப்பதையே மறந்துவிட்டது. அவன் மட்டுமா? விஞ்ஞானக் கதை எழுதப் புகுகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் செய்கிறார்கள். சினிமா பார்த்துப் பழகிய கண் பேனாவைப் பிடித்துக்கொள்கிறது.

நடக்காத ஒன்றை நடந்ததுபோல் நம்ப வைப்பதுதானே விஞ்ஞானக் கதையின் வேலை? நாம் பார்த்தே இராத எந்திரத்தை எத்தனை பக்கம் வர்ணித்தாலும் மனம் சந்தேகத்தோடுதான் நிற்கும். அந்த எந்திரத்தின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டியது என்று ஒரு வரி எழுதினால், விரல் சாட்சி சொல்லிவிடும். இதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. கண்டதும் கேட்டதும் மூளைக்குள் ஒரு நடுச்சாவடியில் இறங்கி வழிமாறித்தான் உள்ளே போகின்றன. ரயில்வே பாஷையில் சொன்னால் ஜங்ஷனில் வண்டி மாறுவது. வாசனை மட்டும் அந்தச் சாவடியில் நிற்காமல், நினைவும் உணர்ச்சியும் குடியிருக்கும் பகுதிக்கு நேர்வண்டியில் போகிறது. ஊரிலிருந்து வந்த பெட்டியைத் திறந்ததும் அம்மாவின் சேலை வாசனையில் தொண்டை அடைப்பது இதனால்தான். போட்டோவைப் பார்த்து அழக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

தலைக்குத் தேய்க்கும் தைலம்

நம் நாட்டில் விஞ்ஞானக் கதையின் தொடக்கமே கிட்டத்தட்ட ஒரு வாசனைப் புட்டியிலிருந்துதான். கல்கத்தாவில் குந்தளீன் என்ற கூந்தல் தைலம் விற்றவர் ஒருவர் கதைப்போட்டி நடத்தினார். கதைக்குள் தைலம் வர வேண்டும், விளம்பரம் போலத் தெரியக் கூடாது என்பது நிபந்தனை. 1896-ஆம் ஆண்டுப் போட்டியில் பரிசு பெற்ற வங்காளிக் கதையை எழுதியவர் வேறு யாருமல்ல, விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். கல்கத்தாவைத் தாக்கப் போவதாக அறிவிக்கப்பட்ட புயல் எப்படியோ மாயமாகிவிடுகிறது. விஞ்ஞானிகள் மண்டையைக் குழப்பிக்கொள்கிறார்கள். உண்மையில் என்ன நடந்தது? கடற்பயணம் போன ஒரு நோயாளி, தம் மகள் பெட்டியில் வைத்து அனுப்பிய கூந்தல் தைலத்தைக் கொந்தளிக்கும் கடலில் கொட்டிவிடுகிறார். எண்ணெய் பரவினால் நீரின் மேற்பரப்பு இழுவிசை குறையும், அலை அடங்கும் என்ற உண்மையைப் பிடித்துக்கொண்டு விளையாடியிருக்கிறார் போஸ். புயலை நம்ப வைப்பது புயல் வர்ணனை அல்ல. மகள் கொடுத்த எண்ணெய்ப் புட்டி.

அடுத்த கதைக்கும் நமக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அது முதலில் அச்சேறியது நம் சென்னைப் பட்டணத்தில். கமலா சத்தியநாதன் என்ற அம்மையார் அங்கிருந்து நடத்திய ஆங்கில மாதர் பத்திரிகையில் 1905-இல் 'சுல்தானாவின் கனவு' வெளிவந்தது. எழுதியவர் வங்காளத்து ரொக்கேயா சகாவத் ஹுசைன் அம்மையார். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்க, பெண்கள் நாடாளும் ஒரு தேசம். பறக்கும் வண்டி இருக்கிறது, மேகத்திலிருந்து மழைநீரை இறக்கும் பலூன் இருக்கிறது. ஆனால் படித்தவர்கள் மறக்காமல் சொல்வது அந்த நாட்டுச் சமையலறையை. வெயிலின் வெப்பத்தைத் திரட்டிச் சமைக்கிறார்கள். அதனால் புகை இல்லை, கரி இல்லை. அங்கே தரையில் கால் வைத்தால் பாசியும் பூவும் மெத்தென்று அமுங்குகின்றன. புகை இல்லாத அடுக்களை என்ற அந்த ஒன்றைக் கற்பனை செய்ய, அடுப்பூதி ஊதிக் கண் எரிந்தவளால்தான் முடியும். நம் அம்மாக்களுக்கு அதைப் படித்துக் காட்டியிருந்தால் பறக்கும் வண்டியை விட்டுவிட்டு அடுப்பைத்தான் விசாரித்திருப்பார்கள்.

அமெரிக்காவின் ரே பிராட்பரி இந்தக் கலையில் மன்னர். 1952-இல் அவர் எழுதிய கதை ஒன்றில், பணம் கட்டிக் காலயந்திரத்தில் ஏறிப் பழங்காலத்துக்கு வேட்டைக்குப் போகிறான் ஒருவன். பாதையை விட்டு விலகக் கூடாது என்பது கட்டளை. பயத்தில் விலகுகிறான், திரும்பி வருகிறான். வந்து இறங்கிய அறை அதே அறை, ஆட்கள் அதே ஆட்கள். ஆனால் காற்றில் ஏதோ ஒரு ரசாயன வாடை, இருக்கிறதோ இல்லையோ என்ற அளவில். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று முதலில் அறிவது அவன் மூக்கு. அதற்குப் பிறகுதான் சுவரில் தொங்கும் பலகையில் எழுத்துகள் மாறியிருப்பதைக் கண் பார்க்கிறது. அதற்கும் பிறகுதான் அவன் பூட்ஸ் சேற்றில் ஒரு வண்ணத்துப்பூச்சி செத்து ஒட்டியிருப்பது தெரிகிறது. மூன்றாம் படி, பிறகு நான்காம் படி! தொல்காப்பியரின் வரிசை அவருக்கு யார் சொல்லித் தெரிந்ததோ.

அவருடைய 1950-ஆம் ஆண்டுக் கதை இன்னொன்று. அணுகுண்டில் குடும்பம் முழுதும் மாண்டுபோன ஒரு வீடு. எந்திர அடுப்பு மட்டும் காலை தவறாமல் ரொட்டி வாட்டி, முட்டை பொரித்து, காப்பி போடுகிறது. சாப்பிட ஆள் இல்லை. வீட்டு நாய் மட்டும் புண்ணோடு திரும்பி வந்து, மூடிய சமையலறைக் கதவுக்கு வெளியே நின்று பலகார வாசனையை மோந்து மோந்து தவித்துச் சாகிறது. அணுகுண்டைப் பற்றி நான் படித்த தலையங்கங்கள் எத்தனையோ. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது இந்த வாசனை ஒன்றுதான்.

தமிழில் சுஜாதாவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினீயராக வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதியவர். வாக்குப்பதிவு எந்திரத்தில் அவருடைய உழைப்பும் உண்டு. எந்திரத்தைப் பக்கம் பக்கமாக விளக்கத் தெரிந்த அவர், 'என் இனிய இயந்திரா'வில் என்ன செய்தார்? ஆனந்த விகடனில் அது தொடராக வந்ததை இன்றும் நினைவு வைத்திருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சர்வாதிகாரி ஜீவாவின் ஆட்சி முறையையோ, அரசாங்கக் கம்ப்யூட்டர்களையோ சொல்ல மாட்டார்கள். ஜீனோ என்ற நாய்க்குட்டியைச் சொல்வார்கள். அது எந்திர நாய்தான். ஆனால் காலடியில் வந்து நிற்கிற, மடியில் தூக்கி வைக்கத் தோன்றுகிற ஒன்று. தொடக்கூடிய ஒன்றைக் கொடுத்துவிட்டால் மற்றதையெல்லாம் வாசகன் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 2008-இல் அவர் மறைந்த பிறகும் ஜீனோ மறையவில்லை.

சந்திரனில் தீபாவளி

"விண்வெளியில மணம் எங்கண்ணே இருக்கும்?" என்று பையன் மடக்கினான். நியாயமான கேள்வி. அடுத்த சில வாரங்கள் அவனுக்காகத் தேடித் தேடிப் படித்தேன். ஆச்சரியமான சரக்கெல்லாம் கிடைத்தது.

1969 முதல் 1972 வரை சந்திரனில் நடந்தவர்கள் பன்னிரண்டு பேர். அங்கே காற்று இல்லாததால் வெளியே எதையும் முகர முடியாது. ஆனால் கலத்துக்குள் திரும்பித் தலைக்கவசத்தைக் கழற்றியதும், உடையில் ஒட்டி வந்த சந்திரத் தூசியின் வாடை வந்தது. எப்படி இருந்தது என்று கேட்டதற்குப் பலர் சொன்ன பதில், வெடித்து முடிந்த வெடிமருந்து போல. அதாவது தீபாவளிக்கு மறுநாள் காலையில் நம் தெரு! கடைசியாகப் போன அப்போலோ 17 கலத்தில் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அந்தத் தூசியால் மூக்கடைப்பே வந்துவிட்டது.

விண்கலத்தில் எடை அற்றுப்போவதால் உடம்பின் நீர் கால் பக்கம் இறங்காமல் முகத்துக்கு ஏறிக்கொள்ளும். சளி பிடித்தாற்போல மூக்கு அடைத்திருக்கும். சாப்பாடு சப்பென்று இருக்கும். அதனால் விண்வெளி வீரர்கள் காரச் சாந்து கேட்டு வாங்கித் தின்கிறார்கள். 1984 ஏப்ரலில் ரஷ்யக் கலத்தில் போன நம் ராகேஷ் சர்மாவுக்கு மைசூரிலுள்ள ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடம் நம் நாட்டுப் பதார்த்தங்களைத் தயாரித்துக் கொடுத்தது. கதையில் மாத்திரை விழுங்க வைத்த பையனுக்கு இதைச் சொன்னேன். வெட்கப்பட்டான்.

ஓசைக்கும் செய்தி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய எந்திர வண்டியில் ஒலிவாங்கி வைத்து அனுப்பினார்கள். அங்கே காற்று மிக மெல்லியது. நம் காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, அங்கே சுமார் 240 மீட்டர்தான் போகிறது. எதிர்ச்சாரிக் கடைக்காரரை எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் செவ்வாய்க் காற்றில் கம்மித்தான் கேட்கும். பிராட்வேயில் கூவிக் கூவி விற்கும் நம் பையன்களுக்கு அங்கே பிழைப்பு நடக்காது.

நாலு குப்பி

இதையெல்லாம் நான் படித்துக்கொண்டிருந்த நாட்களில் அண்ணாச்சி டாக்டரைப் பார்க்க ஒருவழியாகச் சம்மதித்தார். மூக்கின் உச்சியில் வாசனை அறியும் நரம்புகளைத் தாங்கி நிற்கும் உயிரணுக்களைத்தான் அந்தக் கிருமி தாக்குகிறது, பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வரும், பயிற்சி வேண்டும் என்றாராம் டாக்டர். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நாலு குப்பி. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் முகர வேண்டும். முகரும்போது அந்த வாசனை எப்படி இருக்கும் என்று மனத்துக்குள் நினைத்துப் பார்க்க வேண்டும். மட்டாஞ்சேரிக்காரனிடம் கிராம்பை முகரச் சொன்ன கூத்தை நினைத்து அவரே சிரித்தார்.

ஒரு விஷயம் அவரை வெகுவாகக் குழப்பியிருந்தது. "சுக்குக் காப்பி குடிச்சா தொண்டையில காரம் எரியுது. ஆனா சுக்கைக் காணோமே தம்பி?" காரம் என்பது வாசனையும் இல்லை, உண்மையில் சுவையும் இல்லை. அது எரிச்சல், தொடு உணர்வைச் சேர்ந்தது. வேறு நரம்பு அதைச் சுமக்கிறது. அதனால்தான் மணம் செத்தும் காரம் பிழைத்திருந்தது. நான் விளக்கியதைக் கேட்டுக்கொண்டிருந்த பையன் நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொண்டான்.

கார்த்திகையில் கிராம்பு லேசாகத் திரும்பியது. ஆனால் காப்பி கருகிய ரப்பர்போல நாறத் தொடங்கிற்று. நரம்பு புதிதாகத் துளிர்க்கும்போது இப்படித் தாறுமாறாகத் தெரியும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். பிராட்வேயில் காப்பி அரைக்கும் கடையைக் கடக்க அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியதை நானே பார்த்தேன்.

மார்கழியில் பையன் கதையை முதலிலிருந்து மாற்றி எழுதிக் கொண்டுவந்தான். கண்ணாடிக் கூரை போய்விட்டது. பறக்கும் கார் ஒன்றே ஒன்று, அதுவும் ரிப்பேரில். கதாநாயகன் இப்போது செவ்வாய்க் குடியிருப்பில் சரக்குத் தரம் பார்க்கும் ஐம்பது வயது ஆள். பூமியிலிருந்து வரும் மூட்டைகளை முகர்ந்து பார்ப்பது அவன் வேலை. போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம் அவனுக்கு மூக்கு அற்றுப்போகிறது. மேலதிகாரிக்குத் தெரியாமல் மறைக்கிறான். உதவிக்கு ஒரு சேச்சியும் உண்டு. பெயர் மட்டும் வேறு.

மறுபடி ஞாயிற்றுக்கிழமை, மறுபடி படகு. அண்ணாச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். கதையின் முடிவில், மூடிய அறையில் ஒரு மூட்டையைப் பிரிக்கிறான் அந்த ஆள். குபீரென்று சுக்கு மணம் வருகிறது என்று எழுதியிருந்தான் பையன்.

"அது தப்புலே" என்றார் அண்ணாச்சி. "மூட்டையைப் பிரிச்சதும் சுக்கு வராது. முதல்ல சாக்கு வாடை வரும். அந்தச் சணல் வாடை அடிச்சு ஓயணும். பொறவு மண்ணு. அதுக்கப்புறந்தான் சுக்கு, அதுவும் மெல்ல. எலுமிச்சை கடைசீல."

பையன் அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தான். முப்பது வருஷப் பழக்கத்தில் நினைவிலிருந்து சொல்கிறார் போலும் என்று நினைத்து, "இவ்வளவும் ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஞாபகமா? போன செவ்வாக்கிழமை பிரிச்ச மூட்டை தம்பி" என்றார்.